இருபத்தேழு வரைபடங்கள்

வியாழக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு நெல்லைநாயகத்தின் தலைக்குள் ஒரு மேம்பாடு நடந்தேறியது. மேம்பாடு என்பது நிறுவனம் சூட்டிய பெயர். ஒன்றை மேம்படுத்தினால் அது முன்பு இருந்ததைவிட மேலானதாகும் என்று எதிர்பார்ப்பவர்கள் அந்த நிறுவனத்தோடு பழகாதவர்கள்.

ஏழு மணிக்கு அவர் எழுந்து, பல் துலக்கி, சாப்பாட்டு மேசையின் முன் அமர்ந்தார். ஆவுடைத்தங்கம் நான்கு இட்டிலியும் மிளகாய்ப்பொடியும் வைத்த தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நாற்பத்தோர் ஆண்டுகளாக அவள் வைத்துவரும் தட்டு. அவர் தட்டைப் பார்த்தார். வைத்த கையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கைகூப்பினார்.

"வாங்கம்மா. யாருன்னு தெரியலியே. பூரணம் அனுப்புன ஆளா?"

பூரணம் அவர்களுடைய ஒரே மகள், ஓசூரில் இருக்கிறாள். ஆவுடைத்தங்கம் முதலில் சிரித்தாள். இந்த மனிதர் தம் வாழ்நாளில் வேடிக்கை செய்தவர் அல்லர் என்பது உறைத்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன பேச்சு இது? நான்தான்."

"நான்தான்னா?"

"உங்க பொண்டாட்டி."

நெல்லைநாயகம் கூசிப்போய் வாசற்பக்கம் பார்த்தார்.

"நான் வயசாளி. எங்கிட்ட இப்படியெல்லாம் பேசாதிய. வெளிய யாரும் கேட்டா தப்பா நெனப்பாவ." பிறகு குரலைத் தாழ்த்தி, "அது கெடக்கட்டும். அந்தத் தளவாய் தென்னமட்டைய வெட்டுனானா? கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்க. படுபாவி, நேத்தும் நம்ம ஓட்டுமேலதான் விழுந்திச்சு" என்றார்.

தளவாய் மேலைவீட்டுக்காரர். அவருடைய தென்னை பதினெட்டு ஆண்டுகளாக இவர்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அந்த மரத்தின் ஒவ்வொரு மட்டையும் விழுந்த நாள், கிழமை, உடைந்த ஓடுகளின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் அவர் பிழையின்றி ஒப்பித்தார். மனைவி மட்டும் இல்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நெல்லைநாயகத்துக்கு மறதிநோய் கண்டது. மின்கம்பம் ஏறி இறங்கியே ஓய்வுபெற்றவர், ஒருநாள் தம் தெருவுக்கு வழி தெரியாமல் நின்றார். அப்போதுதான் அரசுத் திட்டத்தின்கீழ் அந்த நிறுவனம் அவருடைய காதுக்குப் பின்னால் 'நினைவி' என்னும் கருவியைப் பொருத்தியது. மூளை கைவிடுவதை அது ஏந்திக்கொள்ளும்; ஒவ்வொருவரையும் அவரவர் பெயரின்கீழ்த் தொகுத்து வைத்திருக்கும்; முகத்தைக் கண்டதும் எடுத்துக் கொடுக்கும். ஒன்பது ஆண்டுகள் அது நன்றாகவே எடுத்துக் கொடுத்தது. ஆகவே அதை ஆண்டுக்கு மூன்று முறை மேம்படுத்தினார்கள்.

மறுநாள் பாளையங்கோட்டைச் சேவை மையத்தில் ஜெபராணி என்னும் பொறியாளர் நெல்லைநாயகத்தின் காதருகே ஒரு கம்பியை ஒட்டவைத்துத் திரையைப் பார்த்தாள். ஆறு ஆண்டுகளாக அங்கே வேலை செய்பவள். திரையைப் பார்த்தபின் ஆவுடைத்தங்கத்தின் முகத்தைப் பார்க்காமலேயே பேசினாள்.

"அம்மா, உங்க ஃபைல் உள்ள இல்ல."

"இல்லன்னா?"

"எடம் பத்தல. நேத்து வந்த மேம்பாட்டுக்கு மூணு ஜி.பி. வேணும். சார்ட்ட இருந்தது ஒண்ணு. எடம் பத்தாமப் போனா, கருவியே ஏதாவது ஒரு ஃபைலத் தூக்கிரும். இந்தத் தடவ உங்களத் தூக்கிருக்கு."

"மேம்பாடுன்னா பழசத் தூரப் போட்டுட்டுத்தான புதுச வைப்பிய? அதுக்கு எதுக்குக் கூட எடம்?"

ஜெபராணி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அந்தக் கேள்வியை நிறுவனத்தில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

"கெர்னல்னு ஒண்ணு உண்டும்மா. உள்ள இருந்து கருவிய ஓட்டுறது அதுதான். மேம்பாடு வந்தா பழைய கெர்னல் போயிரும். ஆனா ஒவ்வொரு கெர்னலோடயும் டீபக் சிம்பல் ஃபைல்னு ஒண்ணு வரும். கருவி படுத்துட்டா எந்த எடத்துல படுத்துச்சுன்னு நாங்க தேடிக் கண்டுபிடிக்கதுக்கு. கெர்னல் போகும், அது போகாது. அங்கயே தங்கிரும்."

"வெளங்குத மாதிரிச் சொல்லு தாயி."

"ஒரு வீட்ட இடிச்சிட்டு, அதே எடத்துல புது வீடு கட்டுதோம்னு வைங்க. இடிச்ச வீட்டோட வரைபடத்தப் புது வீட்டு அறைக்குள்ள போட்டுப் பூட்டிட்டோம். நாலு மாசம் கழிச்சு அதையும் இடிச்சுக் கட்டுதோம். அதோட படமும் உள்ள. சாருக்கு இதுவரைக்கும் இருபத்தேழு படம்."

"இருபத்தேழும் அவுக தலைக்குள்ளயா கெடக்கு?"

"எண்பத்தொரு ஜி.பி. மொத்தமே நூத்து இருபத்தெட்டு. கருவி ஓடப் பதினேழு. சாரோட வாழ்க்கைக்கு மிச்சம் முப்பது."

"இல்லாத வீட்டுப் படத்த யாரு பாக்கா?"

"யாரும் பாத்து நான் பாத்ததில்லம்மா."

எழுபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதருக்கு முப்பது. ஒருவரும் திறந்து பாராத குப்பைக்கு எண்பத்தொன்று. இந்தப் பங்கீட்டைச் செய்தவர்கள் பட்டம் பெற்றவர்கள். ஒருவர் இருவர் அல்லர், ஒரு மாடி முழுக்க அமர்ந்து செய்தவர்கள்.

ஆவுடைத்தங்கத்தின் மனம் வேறோரிடத்தில் நின்றது. "சரி, தூக்கணும்னா இத்தன ஃபைல் இருக்கையில என்னையத் தூக்குவானேன்?"

ஜெபராணி திரையை அவள் பக்கம் திருப்பினாள். பெயர்களும் அவற்றின் எதிரே எண்களும் இருந்தன. பூரணம்: நாலாயிரத்துச் சொச்சம். தளவாய்: இருபத்திரண்டாயிரத்து எழுநூறு. கடைசி வரியில் ஆவுடைத்தங்கம் என்று இருந்தது. அதன் எதிரே சுழியம்.

"பேரச் சொல்லி எத்தன தடவ கூப்பிடுதாவளோ, அத வச்சுத்தான் கருவி யாரு வேணும், யாரு வேண்டாம்னு முடிவு பண்ணும். சார் உங்க பேர ஒரு தடவகூடச் சொல்லல."

"கட்டுனவ பேர ஊருல எவன் சொல்லுதான்? 'இந்தா'ம்பாக. நான் போவேன்."

"'இந்தா'வ அது பேருன்னு எடுத்துக்கிடலம்மா."

வேண்டியவரை மனிதன் பெயர் சொல்லி அழைப்பான் என்று விதி எழுதியவன், எந்த ஊரில் எந்தக் குளிர்பதன அறையில் இருந்து எழுதினானோ. அவன் ஒரே ஒரு நாள் இந்தத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தால் போதும். இங்கே பெயர் சொல்லி அழைக்கப்படுபவர்கள் கடன்காரர்களும் பகைவர்களும்தாம் என்பது தெரிந்திருக்கும். ஆனால் அந்தச் சுழியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆவுடைத்தங்கத்தின் சினம் முழுவதும் அந்த முகம் தெரியாதவன்மேல் போகவில்லை. ஒரு பகுதி, அருகில் அமர்ந்து கூரையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மனிதர்மேல் திரும்பியது. நாற்பத்தோர் ஆண்டுகள். ஒருமுறைகூடவா?

"திரும்ப வைக்க முடியுமா?"

"முடியும். தூக்கின ஃபைல நிறுவனத்துக் கிடங்குல பதினஞ்சு நாள் வச்சிருப்பாவ. அதுக்குள்ள ரெண்டு ஜி.பி. எடம் பண்ணிட்டா, அப்படியே எடுத்து வச்சிரலாம். பதினாறாம் நாள் கிடங்குலயும் அழிஞ்சிரும்." ஜெபராணி கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தாள். "படத்துல ஒண்ணே ஒண்ணத் தூக்கினாப் போதும். தூக்கக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு. இப்பவே தூக்கிரட்டுமா? ஒருத்தருக்கும் தெரியாது."

ஆவுடைத்தங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தெரியாமத் தூக்குனாவல்லா என்னைய? தெரிஞ்சுதான் திரும்ப வைக்கணும். செஞ்சது தப்புன்னு அவுக வாயால சொல்லணும். நான் என்ன திருட்டுச் சாமானா, கதவச் சாத்திக்கிட்டு உள்ள வைக்கதுக்கு?"

சொன்னது நியாயம். நியாயமாக இருப்பதனாலேயே ஒன்று மலிவாகக் கிடைத்துவிடுவதில்லை என்பதை அவள் பின்னர்தான் அறிந்தாள்.

மண்டல மேலாளர் ரகோத்தமனின் அறை மாடியில் இருந்தது. அவர் சுற்றறிக்கையை எடுத்து, சோடாபுட்டிக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, அதிலிருந்து பார்வையை உயர்த்தாமலேயே பேசினார்.

"சிஸ்டம் ஃபைல் எதையும் தலைமையகக் குழுவோட ஒப்புதல் இல்லாம நீக்க முடியாதும்மா. எப்பவோ ஒரு ஊழியர் தேவையான ஃபைல நீக்கிட்டார். அதுக்கப்புறம் போட்ட உத்தரவு."

"அப்ப அந்தக் குழுவக் கேளுங்க."

"குழு இன்னும் அமைக்கல. ரெண்டு வருஷமா பரிசீலனையில இருக்கு."

"சரி, அந்தப் படத்தையெல்லாம் உங்க ஆபீசு மெஷினுல வச்சுக்கிடுங்க. எங்க வீட்டு ஆளு தலையிலயா வைக்கணும்?"

"எங்ககிட்ட இடமில்லையேம்மா."

அவர் அமர்ந்திருந்த அறையில் நாற்பது பேர் பாய் விரித்துப் படுக்கலாம்.

"வேணும்னா ஒண்ணு செய்யலாம்" என்று ரகோத்தமன் பெரிய மனத்தோடு தொடர்ந்தார். "நோயாளி தன்னோட சொந்த நினைவுல ஏதாவது ஒண்ண விட்டுக் கொடுக்கலாம். அதுக்குத் தடையில்ல. இதோ, தளவாய்னு ஒருத்தர் அஞ்சு ஜி.பி. அடைச்சுக்கிட்டு இருக்கார். அவர நீக்கினா உங்களுக்குத் தாராளமா இடம் வரும்."

நெல்லைநாயகம் முதன்முறையாக வாய் திறந்தார். "அவனயா? அவன மறந்துட்டா மட்டைய எவன் கேப்பான்? நடக்காத காரியம்."

"நான் கையெழுத்துப் போடுதேன். நான் சம்சாரம்" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"காப்பாளர் இன்னார்னு நோயாளி அடையாளம் காட்டணும்மா. அது விதி. சார், இவங்க யாரு?"

நெல்லைநாயகம் அவளை அன்போடு பார்த்தார். "சமைக்க வந்திருக்காவ. நல்ல மாதிரி."

ரகோத்தமன் கைகளை விரித்தார். மனைவியை மறக்கடித்தவர்களே, அவள் மனைவி என்பதற்கு மறந்தவரிடம் சான்று கேட்டார்கள். கேட்டவருக்கு உதட்டோரத்தில்கூட ஒரு நெளிவு இல்லை.

அவள் முறையீட்டு மன்றத்துக்கு எழுதினாள். இத்தகைய கருவிகளுக்கென்றே அமைத்த மன்றம் அது. பன்னிரண்டாம் நாளுக்கு விசாரணை என்று பதில் வந்தது. அதற்குள் வீட்டில் ஒரு புது வாழ்க்கை தொடங்கியிருந்தது. நாள்தோறும் காலையில் நெல்லைநாயகம் அவளை நோக்கிக் கைகூப்பிப் பெயரைக் கேட்பார்; அவள் சொல்லுவாள்; அன்று முழுவதும் அந்தப் பெயரை அவர் மரியாதையோடு கையாளுவார்.

"ஆவுடைத்தங்கம் அம்மா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

"ஆவுடைத்தங்கம் அம்மா, நீங்க சாப்பிட்டியளா? எனக்குப் பெறவு சாப்பிடணும்னு ஒண்ணும் இல்ல. உக்காருங்க."

குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூட ஒருநாள் சொன்னார். திருமணமான நாள்முதல் அவள் வைத்துவரும் அதே குழம்பு. அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். சமையற்காரிக்குக் கிடைப்பது பெண்டாட்டிக்குக் கிடைக்கவில்லை. இந்த மனிதரை மீட்டுவந்தால் திரும்பி வரப்போகிறவர், 'இந்தா' என்று விரலைச் சொடுக்குகிற அந்தப் பழைய மனிதர்தாம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் பூரணத்தின் திருமணத்தன்று விடியுமுன் பந்தல் சரிய, இருவருமாக ஓசையின்றி நிமிர்த்தியதும், பிறந்து மூன்றாம் நாள் போய்விட்ட ஆண்குழந்தையும், அவளைத் தவிர அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்தவை. அவரும் மறந்துவிட்டால் அவை நடந்தன என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

பன்னிரண்டாம் நாள், நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து, மனைவியை மறந்தது நோயின் போக்கு என்றார். கருவிக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று மூன்று முறை சொன்னார். சாட்சிக் கூண்டில் ஜெபராணி நின்றாள். நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவள் நிறுவனத்துக்கு எதிராக நிற்பதைக் கண்டு ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கருவி தூக்கலன்னு எப்படிச் சொல்லுதீங்க?" என்றார் மன்றத் தலைவர், வழக்கறிஞரிடம்.

"தூக்கினதுக்கு ஆதாரம் இல்லீங்க."

"இருக்குங்கய்யா" என்றாள் ஜெபராணி. "கருவியோட ஓட்டப் பதிவ, சாரோட தலையில இருக்கற இருபத்தேழாவது டீபக் சிம்பல் ஃபைலோட சேத்து வச்சுப் பாத்தேன். அன்னைக்குக் காலையில நாலு பதினொண்ணுக்கு எந்த உத்தரவு ஓடுச்சு, எந்த வரியில நின்னு அம்மாவோட ஃபைலத் தூக்குச்சு, எல்லாம் பேரோட தெரியுது. பாருங்க."

ஒன்பது ஆண்டுகளாகச் சேர்ந்தும் ஒருவரும் பாராத வரைபடங்களில் ஒன்று அன்று முதன்முதலாகப் பயன்பட்டது. ஜெபராணி தந்த அறுபது பக்க அறிக்கையை மன்றத் தலைவர் பொறுமையாகப் படித்தார். அவருக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. இவ்வளவு தெளிவான சான்று அந்த மன்றத்துக்கு இதற்குமுன் வந்ததில்லை. மாலையில் தீர்ப்பு எழுதினார். கருவி செய்தது தவறு. நிறுவனம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் எழுந்து நிறுவனத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். ஆவுடைத்தங்கம் கேட்டது கிடைத்துவிட்டது.

தீர்ப்பின் கடைசிப் பத்தி பின்வருமாறு இருந்தது: 'மேற்படி குறியீட்டுக் கோப்புகள் (டீபக் சிம்பல் ஃபைல்கள்) இவ்வழக்கின் முதன்மைச் சான்றாதலால், மேல்முறையீட்டுக் காலமாகிய தொண்ணூறு நாள் முடியும்வரை அவற்றில் எதனையும் முறையீட்டாளருடைய கணவரின் தலையிலிருந்து எவரும் நீக்கலாகாது.'

குப்பையாகக் கிடந்த கோப்புகள் எவர் கையொப்பமிட்டாலும் நீங்காத பொருளாகிவிட்டன. கிடங்கில் ஆவுடைத்தங்கத்துக்கு மிஞ்சியிருந்தவை மூன்று நாள்கள்.

மன்றத்தின் படிக்கட்டில் ஜெபராணி அவளருகே வந்து நின்றாள். "இனி நான் தொட்டா சாட்சியக் கலைச்சதாயிரும்மா. செயிலுதான். அன்னைக்கே நீங்க..."

"சொல்லாத தாயி" என்றாள் ஆவுடைத்தங்கம். "தெரியும்."

தளவாயை நீக்கினால் இடம் வரும் என்பது உட்பட, செய்தி தெருவுக்கு எட்டியது. பதினான்காம் நாள் காலையில் மேலைவீட்டில் கோடரிச் சத்தம் கேட்டது. நெல்லைநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு மதிலருகே ஓடினார். தென்னையைச் சாய்த்தாயிற்று. ஆள்வைத்து வெட்டிக்கொண்டிருந்த தளவாய் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றார்.

"ஓய் தளவாய், என்ன வேல பாக்கீரு?"

"பாத்தா தெரியலியாவே? மரத்த வெட்டுதேன். பதினெட்டு வருசமா நீரு கத்துன கத்துக்கு இன்னைக்குத்தான் காது கேட்டுச்சு."

"அப்ப மட்டை?"

"மரமே இல்ல. மட்டை எங்க இருந்து விழும்? இனிமே உமக்கும் எனக்கும் ஒரு பேச்சும் கெடையாது." தளவாய் மதிலுக்கு இப்பால் நின்ற ஆவுடைத்தங்கத்தைப் பார்த்தார். "மதினி, என்னைய அழிச்சிரச் சொல்லுங்க. நான் பக்கத்துல இருந்து என்ன கண்டேன், அவரு வாயில விழுந்து எந்திரிச்சத விட? உங்களுக்கு அந்த எடம் ஆவட்டும்."

வெட்டுண்ட அடிமரத்தை நெல்லைநாயகம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தை வைத்துக்கொள்ள இடம் இல்லாதுபோன மனிதரின் முகம் அது.

"மரமே இல்லன்னா இவன வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்றார் கடைசியில். "ஆவுடைத்தங்கம் அம்மா, அந்த ஆபீசுக்குப் போவமா? கையெழுத்துப் போட்டுருதேன்."

பதினைந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஜெபராணி தளவாயை நீக்கி ஆவுடைத்தங்கத்தை வைத்தாள். இடிந்த வீடுகளின் இருபத்தேழு வரைபடங்களையும் தொடக்கூடாது என்று காத்துநின்ற சட்டம், பதினெட்டு ஆண்டு பழகிய உயிருள்ள ஒரு மனிதரை வெளியே தள்ளுவதற்கு எவ்விதத் தடையும் சொல்லவில்லை.

கம்பியை எடுத்ததும் நெல்லைநாயகம் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். ஒரு நொடி நெற்றி சுருங்கியது.

"ஏன் இப்படி மெலிஞ்சு போய்ட்ட?" என்றார்.

ஆவுடைத்தங்கம் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது தளவாய் அடிமரத்தின்மேல் அமர்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து, ஒரு வசைச் சொல்லுக்காகக் காத்திருப்பவரைப்போல நின்றார். நெல்லைநாயகம் அவருக்குப் பணிவாக வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்திருக்காவளா? நல்ல மனுசர் மாதிரித்தான் தெரியுது. ஆனா அந்தத் தென்னைய எதுக்கு வெட்டுனாராம்? காய்ப்பு மரமால்லா இருந்திருக்கு."

மதிலுக்கு அப்பால் தளவாய் மீண்டும் அடிமரத்தின்மேல் அமர்ந்தார்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அப்போது ஆவுடைத்தங்கத்தின் கைப்பேசி ஒலித்தது. நிறுவனத்திலிருந்து செய்தி. 'மதிப்பிற்குரிய பயனாளருக்கு: நெருங்கிய உறவினர் தவறுதலாக நீங்கும் குறை, அடுத்த மேம்பாட்டில் முழுமையாகச் சரிசெய்யப்படுகிறது. நாள்: இன்றிலிருந்து நான்காம் மாதம். தேவைப்படும் இடம்: ஆறு ஜி.பி.'

தளவாய் போனபின் அவர் தலையில் காலியாக இருந்தது மூன்று. அவள் பெயருக்கு எதிரே இருந்த எண், சமையற்காரியாக இருந்த நாள்களில் சேர்ந்த நாற்பத்து மூன்று. பூரணத்துக்கு நாலாயிரம். அவள் செய்தியை இரண்டாம் முறை படித்தாள். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இந்தா" என்றார் நெல்லைநாயகம், நாற்காலியில் இருந்தபடியே. "தண்ணி கொண்டா."

அவள் செம்பை எடுத்தாள். தண்ணீர் மொண்டாள். அவர் கைக்கெட்டாத தொலைவில் வந்து நின்றுகொண்டாள்.

"பேரச் சொல்லுங்க."

"என்ன?"

"என் பேரு. சொல்லுங்க. பெறவு தண்ணி."

நெல்லைநாயகம் வாசலைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், தெருவில் யாரும் கேட்டுவிடுவார்களோ என்று பார்த்தார். மனைவியின் முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை. நாற்பத்தோர் ஆண்டுகளில் முதன்முறையாக அவருக்குக் காதுமடல் சிவந்தது.

"இது என்ன புதுப் பழக்கம்?" என்று முனகினார்.

அவள் செம்பை இன்னும் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். காத்திருந்தாள்.